மார்பை இறுக்கும் இரைப்பு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், இரைப்பு நோயுள்ள அங்கத்தினர்பால் நாம் அடிக்கடி கேட்கும் சொல், "விடியட்டும், பார்க்கலாம்" என்பது. ஆஸ்துமா முற்றிவிட்டால் விடியும்வரை அவகாசம் இராது.

மூச்சுக்குழலைச் சுற்றிய தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் அடைப்பதாலேயே மார்பு கட்டுகிறது. நோயாளியைப் படுக்க வைத்தலாகாது. நிமிர்ந்து உட்காரச் செய்து, மருத்துவர் முன்பே கொடுத்துள்ள சால்புட்டமால் இன்ஹேலரை அரை நிமிடத்திற்கு ஒருமுறையாகப் பத்து முறை வரை இழுக்கச் செய்யலாம். அதற்கும் அடங்காவிடினும், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூச்சு போதாவிடினும், உதடு நீலம் பாரித்தாலும், உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். இரைச்சல் நின்று திணறல் மட்டும் நீடித்தால், குணமாகிவிட்டதென மகிழ்வோர் உளர். காற்றே உட்செல்லாத நிலை அது, மிகக் கொடியது.

புதுவையில் கோரிமேட்டு ஜிப்மரின் அவசரப் பிரிவு நள்ளிரவிலும் திறந்திருக்கும். தணிந்தபின் தொடர்ந்து காட்டிக்கொள்ள, அப்பகுதியிலேயே அரசு மார்பு நோய் மருத்துவமனை உள்ளது.

விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுமாயின், அது பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் வேறு நோயாகவும் இருக்கலாம். ஆதலின் பஞ்சிலும் நூலிலும் உழைப்போர், மருத்துவர் கேளாவிடினும், தம் தொழிலை முதலிலேயே கூறிவிடுதல் நலம்.