சொல் தெரியும், பொருள் தெரியுமா?

“அவனுக்குக் கை நீளம்” என்கிறோம். கை என்றால் என்ன? தெரியும். நீளம் என்றால் என்ன? அதுவும் தெரியும். ஆனால் இங்கே யாரும் கையை அளக்கவில்லை. அவன் திருடுவான் என்பதுதான் பொருள். தமிழ் பேசி வளர்ந்த நமக்கு இது உடனே புரிகிறது. புதிதாகத் தமிழ் கற்பவர் திகைத்துப் போவார்.

ஆங்கிலம் கற்கும் நமக்கும் இப்படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் இருக்கும். சொற்கள் சேர்ந்து வரும்போது பொருள் மாறிவிடும்.

பிஸ்கட் பொட்டலத்தைப் பாருங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருக்கும். பெஸ்ட் என்றால் மிகச் சிறந்தது. பிஃபோர் என்றால் முன்பு. முன்பு நன்றாக இருந்த பிஸ்கட்டா இது? இல்லை. குறித்த நாள் வரை சுவையும் தரமும் குறையாது என்று பொருள். பக்கத்தில் உள்ள தேதியைப் பார்த்தால் இது விளங்கும்.

மருந்தில் ‘எக்ஸ்பைரி டேட்’ என்று இருக்கும். அந்த நாளுக்குப் பிறகு மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்று இருந்தால், அது உடலின் மேலே மட்டும் பயன்படுத்தும் மருந்து. குடித்தால் ஆபத்து.

கடன் பத்திரத்தில் ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’ என்று வரும். நான்கு பேர் சேர்ந்து 40,000 ரூபாய் கடன் வாங்குகிறார்கள். ஆளுக்கு 10,000 ரூபாய்தானே என்று நினைப்போம். அப்படி அல்ல. சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு என்பதே இதன் பொருள். மூவர் கட்டாவிட்டால் நான்காமவரிடமே மொத்தப் பாக்கியையும் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. கட்டியவர் மற்றவர்களின் பங்கை அவர்களிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் முதலில் பணம் போவது அவர் கையிலிருந்துதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. தொடர் எதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பொட்டலமா, மருந்தா, பத்திரமா?

2. அருகில் உள்ள தேதி, எண், படம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

3. ஒரு சொல்லை மட்டும் எழுதாமல், தொடர் முழுவதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. மருந்துக் கடைக்காரரிடமோ வங்கி ஊழியரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஊகம் சரியாக இருந்தாலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

புரியாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். பொருளைச் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள மூன்று பொட்டலங்களை எடுங்கள். அவற்றில் உள்ள ஆங்கிலத் தொடர்களை எழுதுங்கள். அவற்றின் பொருளை உங்கள் மையத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.