ருமேனியா: எண்ணி முடித்த ஓட்டுக்கு என்ன ஆனது?

ருமேனியாவில் ஓட்டுப் போட்டவரின் அடையாள அட்டைக்குப் பின்புறம் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார்கள். 'வாக்களித்தார்' என்ற சொல்லும் தேர்தல் தேதியும் அதில் இருக்கும். நம் ஊரில் விரலில் வைக்கிற மைக்கு அங்கே இதுதான் சமம். 2024 நவம்பர் 24-ம் தேதியிட்ட ஸ்டிக்கரோடு வீடு திரும்பியவர்கள் தொண்ணூறு லட்சத்துக்கும் மேல். அவர்கள் போட்ட ஓட்டை எண்ணினார்கள், சரிபார்த்தார்கள், மறுபடியும் எண்ணினார்கள், செல்லும் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டாவது நாள், மொத்தத் தேர்தலும் செல்லாது என்றார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு, நேட்டோவிலும் உறுப்பு நாடு. அங்கே வெளிநாட்டுத் தலையீட்டைக் காரணம் காட்டி ஓர் அதிபர் தேர்தலையே கலைத்தது, உலகம் முழுக்க ஆட்சியில் இருப்பவர்களும் எதிர்க்கட்சிகளும் உன்னிப்பாகக் கவனித்த விஷயம். தலையீடு நடந்ததா இல்லையா என்ற விவாதத்திலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தலையீடு நடந்தது என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? எந்தச் சான்றை வைத்து, எந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் அதை முடிவு செய்கிறார்கள்?

நடந்ததைப் பாருங்கள். கருத்துக்கணிப்புகளில் ஒற்றை இலக்கத்தில் இருந்த ஒரு சுயேச்சை, முதல் சுற்றில் 22.9 சதவீதம், அதாவது 21 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தார். பிரதமராக இருந்தவர் மூன்றாம் இடத்துக்குப் போய் வெளியேறினார். இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இடையே 2,740 ஓட்டுகள்தான் வித்தியாசம். முதலிடம் பிடித்த சுயேச்சை காட்டிய பிரசாரச் செலவுக் கணக்கு: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அதை அன்றே, அந்தக் கணக்கு வந்த இடத்திலேயே பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நவம்பர் 28-ல் அரசியல் சாசன நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 2-ல் முதல் சுற்று செல்லும் என்றது. டிசம்பர் 4-ல் உளவு அமைப்புகளின் ரகசியக் குறிப்புகள் வெளியாயின. டிசம்பர் 6-ல், செல்லும் என்று சொன்ன அதே நீதிமன்றம், தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு முழுத் தேர்தலையும் ரத்து செய்தது. இரண்டாம் சுற்றுக்கு இரண்டே நாள்தான் மீதி. வெளிநாடுகளில் வாழும் ருமேனியர்களுக்கான சாவடிகளில் அன்று காலையே வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கட்டட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் போன சனங்கள் நிறைந்த நாடு அது. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் இருக்க, பாதியில் சாவடியை மூடச் சொல்லி உத்தரவு போனது.

முதலிடம் பெற்றவரை அழைத்து, உன் தரப்பு என்ன என்று கேட்கவில்லை. சாட்சி விசாரணை இல்லை. இரண்டாம் சுற்றில் அவரை எதிர்த்து நிற்கவேண்டிய வேட்பாளரே இந்தத் தீர்ப்பை ஜனநாயகத்தின் மீது விழுந்த அடி என்று கண்டித்தார். தன் எதிராளி பெற்ற முதலிடம் செல்லாமல் போனதில் லாபம் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தவர் அப்படிப் பேசினார் என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, அந்தக் குறிப்புகளில் என்னதான் இருந்தது? இந்தியாவில் 2020-ல் தடை செய்யப்பட்ட அந்தக் குறுங்காணொலிச் செயலிதான் மையம். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சுமார் 25,000 கணக்குகள் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாகின. அவற்றில் 797 கணக்குகள் 2016-லேயே தொடங்கப்பட்டு, எட்டு வருடம் ஏறக்குறைய ஊமையாகக் கிடந்தவை. நவம்பர் 11-ம் தேதிக்குப் பிறகு பேச ஆரம்பித்தன. ஒரே மாதத்தில் 3,81,000 டாலர் ஒரு பயனரிடமிருந்து பிரபலக் கணக்குக்காரர்களுக்குப் போயிருந்தது. தேர்தல் கணினிகளைக் குறிவைத்து 85,000-க்கும் மேற்பட்ட தாக்குதல் முயற்சிகள் நடந்தன. பின்னணியில் ஒரு நாட்டு அரசின் கை இருப்பதற்கான அடையாளங்கள் தெரிகின்றன என்றும், ரஷ்யா வேறு இடங்களில் கையாண்ட முறைகளோடு இது ஒத்துப்போகிறது என்றும் குறிப்புகள் சொல்லின. இன்ன கணக்கை இன்னார் இந்த ஊரிலிருந்து இயக்கினார் என்று விரல் நீட்டிக் காட்டும் ஆதாரம் பொதுவெளிக்கு வந்த அந்தப் பக்கங்களில் இல்லை. முறை ஒத்துப்போவது துப்பு. துப்பை வைத்து விசாரணையைத் தொடங்கலாம்; தீர்ப்பு எழுதலாமா?

பிரசாரம் நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இளம் பிரபலங்களிடம் ஒரு எழுத்துப் பிரதி போனது. மேக்கப் பாடம் நடத்துகிறவர், சமையல் காட்டுகிறவர், கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள். நல்ல அதிபர் என்பவர் எப்படி இருக்க வேண்டும், நேர்மையானவராக, நிதானமானவராக, நாட்டுப்பற்று உள்ளவராக என்று தங்கள் பாணியில் பேச வேண்டும். யார் பெயரையும் சொல்லக் கூடாது. காணொலிக்குக் கீழே கருத்துப் பகுதியில் மளமளவென்று ஒரே பெயர் வந்து குவிந்தது. பார்க்கிறவருக்கு, ஆயிரம் பேர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்ததுபோல் இருக்கும். பணம் கொடுத்துப் பேச வைத்தது என்ற அறிவிப்பு எங்கேயும் இல்லை.

இந்தப் பிரசாரத்துக்குப் பணம் யார் கொடுத்தது? டிசம்பர் மாதத்திலேயே ருமேனியப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் வெளியிட்ட செய்தி நாட்டை அதிரவைத்தது. வரித்துறை பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, அது மாஸ்கோவில் முடியவில்லை. உள்நாட்டில், ஆட்சிக் கூட்டணியில் இருந்த ஒரு கட்சி தன் விளம்பரத்துக்காகக் கொடுத்த பணத்தில் போய் முடிந்தது என்றது அந்தச் செய்தி. அந்தப் பிரசாரம் வழியில் கடத்தப்பட்டதா, வேண்டுமென்றே திருப்பிவிடப்பட்டதா என்பது தனி வழக்கு. கட்சியோ தாங்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னது. அந்நிய நாட்டுச் சதி என்று தேர்தலைக் கலைத்த சில நாட்களிலேயே, அந்தச் சதியின் முக்கியமான ஒரு கண்ணிக்கு உள்ளூர் ரசீது கிடைக்கிறது என்றால், அவசரப்பட்டார்களா இல்லையா?

உக்ரைன் போர் வாசலில் நடக்கும் நாடு, கருங்கடலோரத்தில் நேட்டோவின் தளம் இருக்கும் நாடு, இரண்டு நாள் பொறுத்தால் எல்லாம் கைமீறிப் போயிருக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் அச்சம் பொய்யில்லை.

ஆனால் அதே அச்சத்தோடு, இன்னும் குறைந்த வசதியோடு, பக்கத்திலேயே ஒரு நாடு வேறு விதமாக நடந்துகொண்டது. மால்டோவா. பேசும் மொழியும் ஒன்றே. 2024 ஏப்ரலில், மாஸ்கோவிலிருந்து திரும்பிய பயணிகளைத் தலைநகர் சிஷினாவ் விமான நிலையத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், ஒவ்வொருவர் பையிலும் பத்தாயிரம் யூரோவை ஒட்டிய ரொக்கம். அந்தத் தொகையைத் தாண்டினால்தான் சுங்கத்தில் சொல்ல வேண்டும். ஒரே இரவில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் பறிமுதல். இலையுதிர்காலத் தேர்தலுக்கு முன்பு, 1,30,000-க்கும் அதிகமான பேருக்கு ரஷ்ய வங்கி ஒன்றின் வழியாக சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலர் அனுப்பப்பட்டதாக அந்நாட்டுக் காவல்துறை தொகையோடு, ஆள் எண்ணிக்கையோடு அறிவித்தது. வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், வழக்குப் போட்டார்கள், அபராதம் விதித்தார்கள். அந்த அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றிய பொது வாக்கெடுப்பு 50.35 சதவீதத்தில், பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பியது. முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் நாடு ஏற்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று ஒரு கடைக்கோடிக் கிராமத்துக்காரரும் சொல்லுமளவுக்கு அங்கே விஷயம் வெளியில் இருந்தது.

தேர்தலை ரத்தே செய்யக் கூடாது என்பதும் என் கட்சியில்லை. 2016-ல் ஆஸ்திரியா செய்தது. அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 31,000-க்குச் சற்றுக் குறைவு. தபால் ஓட்டு உறைகளை உரிய நேரத்துக்கு முன்பே, உரியவர் இல்லாமலே பல மாவட்டங்களில் பிரித்திருந்தார்கள். நீதிமன்றம் மாவட்ட அதிகாரிகளை வரவழைத்து, பத்திரிகையாளர்கள் முன்னிலையில், எந்த அறையில் எந்த மணிக்கு யார் உறையைப் பிரித்தது என்றுகூட விடாமல் கேட்டது. முறைகேடு தொட்ட ஓட்டுகள் 77,926 என்று கணக்குச் சொன்னது. மோசடி நடந்ததற்குச் சான்று இல்லை, ஆனால் இந்த எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிடப் பெரியது, அதனால் மறுதேர்தல் என்றது. மறுதேர்தலில் அதே வேட்பாளர் முன்பைவிடக் கூடுதல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் அன்று மாலையே வாழ்த்துச் சொன்னார்.

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில் அப்படி ஒரு கணக்கு சொல்லப்படவே இல்லை. 21 லட்சம் ஓட்டில் எத்தனை ஓட்டு அந்தக் காணொலிகளால் மாறியது? யாராலும் சொல்ல முடியாது, நீதிமன்றமும் சொல்லவில்லை. எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடக்கவில்லை என்று தேர்தல் நிர்வாகமே சொன்னது. ஆக, கெட்டுப்போனதாகத் தீர்மானிக்கப்பட்டது ஓட்டுப் பெட்டி இல்லை, வாக்காளரின் மனம். அந்தச் சனங்களுக்கு இதில் இருக்கிற அவமானத்தை நான் நினைத்துப் பார்க்கிறேன். விலைவாசியும் வேலையின்மையும், பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட வெறிச்சோடிய ஊரும், முப்பது வருடமாக மாறி மாறி ஆண்ட கட்சிகள் மீதான வெறுப்பும் ஒரு மனிதரை அந்தச் சுயேச்சையின் பெயரில் முத்திரை குத்த வைத்திருக்கக் கூடாதா? அவரைப் பார்த்து, நீ யோசிக்கவில்லை, உன்னை யாரோ ஏவிவிட்டார்கள் என்று அரசு முத்திரையோடு சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்று பேரை அதிபரும் நியமிக்கிறார்கள். குறிப்புகளை வெளியிட்டது பதவியில் இருந்த அதிபர் தரப்பு. தேர்தல் ரத்தானதால் அவருடைய பதவிக்காலம் தானாக நீண்டது. நாடாளுமன்றத்தில் பதவிநீக்கத் தீர்மானம் கிளம்பிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் விலகினார். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் எழுதவில்லை. கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் நாளைக்கு அதே நாற்காலிகளில் உட்கார்ந்தால், அவருக்கு இந்தப் பாதை தயாராக இருக்கிறதே என்பதுதான் என் பயம்.

இந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. 1970-களில் டெல்லியில் எதிர்ப்புக் குரல் எங்கே கிளம்பினாலும் அந்நியக் கை என்ற பேச்சு கூடவே கிளம்பியது. 2025 பிப்ரவரியில்கூட, இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்த அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கியது என்று வாஷிங்டனிலிருந்து ஒரு பேச்சு வந்ததும், அந்தப் பணம் யாருக்கு வந்தது என்று நம் கட்சிகள் ஒன்றை ஒன்று கைநீட்டின. அது வங்கதேசத்துக்கான ஒதுக்கீடு என்று பத்திரிகை ஆவணத்தோடு எழுதுவதற்குள் பாதிக் குற்றச்சாட்டு ஊர் சுற்றி வந்துவிட்டது. எண்ணி முடித்த தேர்தலைக் கலைக்கவும் அந்நியக் கை என்ற சொல் போதும் என்று ஐரோப்பாவே வழிகாட்டினால், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எத்தனை ஆட்சியாளர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள்?

ருமேனியாவின் மறுதேர்தல் 2025 மே மாதம் நடந்தது. அதற்குள் முந்தைய சுயேச்சை போட்டியிடவே தடை. அவருடைய ஓட்டு கரைந்துபோகும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அதே பக்கம் நின்ற இன்னொரு வேட்பாளர் மே 4-ல் முதல் சுற்றில் 41 சதவீதம் வாங்கினார். அந்நிய விஷம் என்று சொல்லி அகற்றிய ஆதரவு ஐந்தே மாதத்தில் 23-லிருந்து 41 ஆனது. மே 18 இறுதிச் சுற்றில் மக்கள் திரண்டு வந்தார்கள். ஐரோப்பிய ஆதரவாளர் 53.6 சதவீதத்தில் வென்றார். நீதிமன்றத்தின் முடிவு சரிதான் என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏனென்றால் தோற்றவர் செய்த அடுத்த காரியம், அதே நீதிமன்றத்தின் படியேறி, வெளிநாடுகள் தலையிட்டன, இந்தத் தேர்தலையும் ரத்து செய்யுங்கள் என்று கேட்டது. இம்முறை அவர் சுட்டிய நாடுகள் பிரான்ஸும் மால்டோவாவும்.

மனுவை நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளினார்கள். ஆதாரம் இல்லை என்றார்கள். சரியான தீர்ப்பு. ஆனால் டிசம்பரில் ஒரு தரப்பின் உளவுக் குறிப்பு போதுமானதாக இருந்தபோது, மே மாதத்தில் இன்னொரு தரப்பிடம் மட்டும் நிரூபணம் கேட்டால், தோற்றவருக்கு ஓட்டுப் போட்ட அந்த 46 சதவீதம் பேர் அதை நீதி என்று எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட வல்லுநர் குழு 2025 ஜனவரியிலேயே இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. ரகசிய உளவுத் தகவலை மட்டும் நம்பித் தேர்தலை ரத்து செய்யக் கூடாது. எந்த விதி மீறப்பட்டது, எந்தச் சான்று, அது முடிவை எப்படி மாற்றியிருக்கும் என்று தீர்ப்பில் எழுத வேண்டும். தரப்புகளின் வாதத்தைக் கேட்க வேண்டும் என்றது. ருமேனியாவில் அடுத்த அதிபர் தேர்தல் 2030-ல் வரும். அதற்குள் அந்த 797 கணக்குகளை இயக்கியவர்கள் யார் என்ற விசாரணையின் முழு அறிக்கையும், பிரபலங்களுக்குப் போன ஒவ்வொரு கட்டணத்தின் ரசீதும், பூஜ்யச் செலவுக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் இருந்த அதிகாரிகளின் விளக்கமும், ஓட்டுப் போட்ட அத்தனை பேர் கண்ணுக்கும் படும்படி வெளியாக வேண்டும்.