எழுத்துரு காட்டிக்கொடுக்கும் முகம்

டிடிபி வேலை செய்யும் ஒருவரின் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் முடிவே இல்லாமல் ஓடும். பாமினி இருக்கும், வானவில் இருக்கும், கல்யாணப் பத்திரிகைக்கென்று என்றோ இறக்கிய அலங்கார எழுத்துகளும் இருக்கும். இந்தச் சேர்க்கை அப்படியே இன்னொருவர் கணினியில் இருப்பது அபூர்வம். அவரை அடையாளம் காண இணையதளங்களுக்கு இதுவே போதும்.

பட்டியலைக் கொடு என்று தளம் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஆங்கில 'எம்' எழுத்தை வரிசையாக எழுதி, அதன் அகலத்தை அளந்துகொள்கிறது. பிறகு, "இதையே பாமினியில் எழுது, இல்லாவிட்டால் பழைய எழுத்துருவிலேயே விடு" என்று உலாவிக்கு உத்தரவிடுகிறது. பாமினியில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பது 'அ'. அகலம் மாறிவிடும். மாறினால், பாமினி இருக்கிறது என்று அர்த்தம். இப்படி நூற்றுக்கணக்கான பெயர்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சோதித்துவிடலாம்.

2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி, எழுத்துருக்களோடு உலாவி வெளிவிடும் மற்ற விவரங்களையும் சேர்த்து 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தார். அவற்றில் 83.6 சதவீதம், வேறெதனோடும் ஒத்துப்போகாத தனி ரகம். ஃப்ளாஷ் அல்லது ஜாவா இருந்தவற்றில் அது 94.2 சதவீதம். அன்று ஃப்ளாஷ் எழுத்துருப் பட்டியலை முழுசாகவே ஒப்படைத்துக்கொண்டிருந்தது. 2020-இன் முடிவோடு ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. அகலத்தை அளக்கும் வித்தை மட்டும் நிற்கவில்லை.

குக்கியை விட இது மோசம் என்பேன். குக்கி நம் கணினியில் கிடக்கும் ஒரு சீட்டு, வேண்டாமென்றால் அழித்துவிடலாம். எழுத்துரு நம் பிழைப்புக்கான கருவி. அதை எப்படி அழிப்பது? கடைசியில், எல்லோரிடமும் இருக்கும் எழுத்துருக்களோடு நிற்பவர் கூட்டத்தில் கரைந்துபோகிறார். தன் மொழியில் எழுதுவதற்காகக் கூடுதலாக நாலு எழுத்துரு வைத்திருப்பவர்தான் தனியாகத் தெரிகிறார். இது நியாயமே இல்லை.

காப்பு இல்லாமல் இல்லை. டோர் உலாவி எல்லோருக்கும் ஒரே மாதிரியான எழுத்துருத் தொகுப்பைத்தான் காட்டும். ஃபயர்ஃபாக்ஸின் தனிச் சாளரத்தில், நாமாக நிறுவியவை தளங்களுக்குத் தெரியாது. ஆப்பிளின் சஃபாரியும் 2018 முதல், கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே தளங்களுக்குக் காட்டுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் பாமினியில் எழுதி, வாசகர் கணினியிலுள்ள எழுத்துருவை நம்பியே ஏற்றப்பட்ட ஒரு பழைய பக்கத்தைச் சஃபாரியில் திறந்தால், பாமினி நம்மிடம் இருந்தும் 'அம்மா' என்ற சொல் படிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகச் சிதறித்தான் தெரியும்.