ஸ்ட்ரைக் உரிமை இல்லை, லேபர் கோர்ட்டும் இல்லை: அரசுப் பள்ளி ஆசிரியருக்காக அலையும் ‘வட்டாரச் செயலாளர்’ யார்?

மாலை 5 மணிக்கு ஏதாவது ஒரு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பள்ளி முடிந்து நேராக பைக்கில் வந்த ஒருவர், கையில் நாலைந்து மனுக்களோடு எழுத்தர் மேசைக்கு முன்னால் நிற்பார். அதில் எதுவுமே அவருடைய சொந்த மனுவாக இருக்காது. ஒரு டீச்சருக்கு நின்றுபோன ஊதிய உயர்வு, இன்னொருவருக்குப் பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவு, ரிட்டயர் ஆனவருக்கு இன்னும் வராத ஜிபிஎஃப் பணம்... இவர்தான் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர்.

டிவியில் இவர்களை நாம் பார்ப்பது வேறு மாதிரி. சென்னை டிபிஐ வளாகத்தில் முற்றுகை, கைது, பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் வருஷத்துக்குச் சில நாள்தான் அந்தக் காட்சி. மீதி நாளெல்லாம் ஃபைல் எங்கே நிற்கிறது என்று தேடும் வேலைதான்.

அதுவும் சம்பளம் இல்லாத வேலை. அமெரிக்காவில் தேசியக் கல்விச் சங்கம், ‘யூனிசர்வ்’ என்ற ஏற்பாட்டில் மண்டல அளவில் சம்பளத்துக்கே ஆள் வைத்து ஆசிரியர்களுக்காகப் பேச வைக்கிறது. நம் ஊரில் வட்டாரச் செயலாளரும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்து, பாடம் நடத்திவிட்டு வரும் சக ஆசிரியர்தான். யாரை எதிர்த்துக் கேள்வி கேட்கிறாரோ, அந்த அதிகாரியே இவருடைய பள்ளியையும் ஆய்வு செய்ய வருவார்!

சரி, ஒரு ஆசிரியர் தன் பிரச்சினையைத் தானே கேட்டு வாங்க முடியாதா?

முடியும், ஆனால் வழிகள் குறைவு. தனியார் நிறுவனத்தில் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர் தொழிலாளர் துறை, லேபர் கோர்ட் என்று போகலாம். ஆசிரியர்களுக்கு அந்தக் கதவு இல்லை. கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை தொடர்ந்த வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது மேலதிகாரிக்கு மனு, இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். ஒரு இன்கிரிமென்ட்டுக்காக எத்தனை பேர் வக்கீல் வைப்பார்கள்?

வேலைநிறுத்தமும் கஷ்டம்தான். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். அன்றைய ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தைக் கையில் எடுத்து, சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அதே வழக்கில் 2003 ஆகஸ்ட் 6-இல் வந்த டி.கே.ரங்கராஜன் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ கிடையாது, தார்மீக உரிமைகூட இல்லை என்றது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ ஸ்ட்ரைக் நடந்தபோதும் பல ஆசிரியர்களுக்கு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. 17(பி) என்றால் கடுமையான தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு கேள்விக்குறிதான். அந்த நேரத்தில் விளக்கக் கடிதம் எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த வட்டாரப் பொறுப்பாளர்கள்தான். என் சித்தி ஒரு டீச்சர். “சங்கத்துக்காரர் ஒரு போன் போட்டா ஃபைல் நகரும், நாங்க போட்டா நகராது” என்பார். இது பெருமையா, சிஸ்டத்தின் அவலமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சில பிரச்சினைகள் ஒரு போனில் முடிவதில்லை. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.8,370. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200. ஒரே பள்ளி, ஒரே வேலை, சேர்ந்த தேதி மட்டும் வேறு. 2021 தேர்தலில் திமுக இதைச் சரிசெய்வதாக வாக்குறுதி தந்தது. 2023 ஜனவரியில் குழுவும் அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் போராட்டம் ஓயவில்லை.

அடுத்தது அரசாணை 243. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியல் முன்பு ஒன்றிய அளவில் இருந்தது. 2023 டிசம்பர் 21-இல் வந்த இந்த அரசாணை அதை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வேண்டுமென்றால் குடும்பத்தை விட்டு எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போகவேண்டி வரும், பெண் ஆசிரியர்களுக்கு இது பெரிய இடி என்பது சங்கங்களின் வாதம். 2024 ஜூலை கடைசியில் டிட்டோஜாக் கூட்டமைப்பு டிபிஐயை முற்றுகையிட்டது இதற்கும் சேர்த்துத்தான். இன்னொரு பக்கம், ஒன்றியத்துக்குள்ளேயே பட்டியல் இருந்தவரை வட்டாரச் சங்கத்தின் கையும் ஓங்கியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

சங்கங்கள் மேல் விமர்சனம் இல்லாமல் இல்லை. ஏகப்பட்ட சங்கங்கள், அதில் பிளவுகள். வகுப்பறையில் பெண்கள் நிறைந்திருக்க, மேடையில் பெரும்பாலும் ஆண்கள். ‘நல்ல சம்பளம் வாங்கிட்டு எதுக்குப் போராட்டம்?’ என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அப்படிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. சங்கங்கள் அவர்களிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்பதே என் எண்ணம்.

இதற்கிடையில்தான் 2025 செப்டம்பர் 1-இல் அந்தத் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான் என்றது உச்ச நீதிமன்றம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது.

இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் இப்போது வட்டாரச் செயலாளருக்கு போன் போட்டு, “சார், எனக்கு இது பொருந்துமா?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்பவரும் டெட் வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால், மனுக்கட்டோடு சேர்த்து அவர் பையிலும் ஒரு டெட் கைடு இருக்கும்.