ஜியோஹாஷிங்கில் அறியப்பட்ட சிக்கல்கள்

ஜியோஹாஷிங் என்பது, ஒரு நிரல் நாள்தோறும் தற்போக்காகத் தரும் புவியியல் ஆள்கூற்றுக்கு நேரில் சென்று வரும் பொழுதுபோக்கு ஆகும். எக்ஸ்கேசிடி என்னும் இணையச் சித்திரத் தொடரை வரையும் ராண்டல் மன்ரோ, 2008 மே 21 அன்று வெளியான 426ஆம் படத்தில் இம்முறையை அறிமுகப்படுத்தினார். இடங்களைச் சுருக்கக் குறியீடாக எழுதப் பயன்படும் ஜியோஹாஷ் என்பது வேறொன்று.

செயற்படும் முறை

தேதியையும் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீட்டின் தொடக்க மதிப்பையும் இணைத்த சரம் (எ.கா: 2005-05-26-10458.68) எம்டி5 சார்புக்குத் தரப்படும். விடையாக வரும் 32 இலக்கப் பதினறும எண் இரு பாதிகளாக்கப்பட்டுப் பதின்மப் பின்னங்களாக மாற்றப்படும். மேற்கண்ட சரத்திற்கு அவை 0.857713, 0.544543. பயனர் இருக்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றின் முழு எண்களோடு இப்பின்னங்கள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு ஒரு பாகைக் கட்டத்திலும் அன்றைக்கு ஒரு புள்ளி உண்டு. பங்குக் குறியீடு சேர்க்கப்படுவது, புள்ளியை எவரும் முன்கூட்டி அறியாதிருப்பதற்காகவே.

கட்ட எல்லை

இம்முறையின் குறைகளைக் காண ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி மிகப் பொருத்தமான இடமாகும். 13° வடக்கு, 80° கிழக்குக் கோடுகள் இருங்காட்டுக்கோட்டைக்கு அருகே வெட்டுவதால் நான்கு கட்டங்கள் இங்கே கூடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் 12, 79 கட்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ளன.

இரு பின்னங்களும் 0.05 என வரும் ஒரு நாளைக் கொள்வோம். பயனரின் கட்டத்தை மட்டும் பார்க்கும் நிரல், ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவரை ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில், திருவண்ணாமலைக்குத் தெற்கே அனுப்பும். அதே நாளில் அண்டைக் கட்டமான 13, 80இன் புள்ளி திருமழிசை அருகே, சுமார் 15 கி.மீ. தொலைவிலேயே இருக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்துக் கணித்தால் இக்குறை நீங்கும்.

கடற்பரப்பு இவ்வாறு நீங்குவதன்று. கிழக்கிலுள்ள இரு கட்டங்களின் பெரும்பகுதி வங்காள விரிகுடாவே. 13, 80 கட்டத்தின் நிலப்பகுதியிலும் பழவேற்காடு ஏரி, பொதுமக்கள் விருப்பம்போல் நுழைய இயலாத ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் ஆகியவை அடங்கும்.

நேரம்

நியூயார்க் பங்குச் சந்தை இந்திய நேரப்படி இரவு 7 மணிக்கு (அங்குக் குளிர்காலமாயின் 8 மணிக்கு) திறக்கிறது. அன்றைய மதிப்புக்குக் காத்திருந்தால் இந்தியாவில் பகல் கழிந்துவிடும். எனவே 30° மேற்கு நெட்டாங்குக்குக் கிழக்கே உள்ள இடங்களுக்கு முந்தைய நாளின் தொடக்க மதிப்பு கொள்ளப்படுகிறது. தேதி மட்டும் அன்றையதே. சந்தை விடுமுறையில் இறுதியாகக் கிடைத்த மதிப்பு தொடர்வதால், இங்குச் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை மதிப்பே பயன்படும்.

வழங்கியின் ஒருங்கிணைந்த உலக நேரத்தைக் கொண்டு தேதியைக் கணிக்கும் நிரல், இந்தியாவில் காலை 5.30 வரை முந்தைய நாளின் புள்ளியையே காட்டும். இரவுப்பணி முடிந்து நேரே புறப்படுபவர் கவனிக்க வேண்டியது இது. மதிப்பின் கடைசிச் சுழியத்தை நிரல் உதிர்த்துவிடுவதும் (10458.60 என்பதை 10458.6 என எழுதுவது) அடிக்கடி நேரக்கூடிய பிழை. ஓர் எழுத்து மாறினாலும் எம்டி5 விடை முற்றிலும் வேறாகும். பிழைச்செய்தி எதுவும் வராது.

நிலத்தின் தன்மை

சார்புக்கு மதில் தெரியாது. இத்தொழிற்பகுதியில் புள்ளி சிப்காட் வளாகத்து ஆலைக்குள்ளோ, செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ளோ, நெடுஞ்சாலையின் நடுவிலோ விழலாம். கோடையில் நடந்து எட்டக்கூடிய ஏரிப்படுகை வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீரில் மூழ்கியிருக்கும். அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் நுழைவதில்லை என்பது இப்பொழுதுபோக்கின் வழக்கம். வாயிற்காவலர் திருப்பி அனுப்பினால், அன்றைய முயற்சி தோல்வி என்றே பதிவாகும்.