தூணில் விழுந்தது யார் அடி?



புராணக் கதையிலும் மாயக் கதையிலும் கெட்டவன் கெட்டுப்போவது விதியாலா, மதியாலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “இரணியன் என்ன பண்ணுவான் பாவம்? வைகுண்டத்து வாசல்ல நின்ன காவல்காரன். முனிவர்கள் சாபம் குடுத்துட்டாங்க. எழுதி வச்ச வேஷத்தை ஆடிட்டுப் போனான்” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நான் தட்டினது பேச்சுக்கு, நியாயத்துக்கு இல்லை. (சிரிப்பு)

நான் நாமக்கல்காரன். எங்க ஊருக்கு இரணியன் அந்நியன் இல்லீங்க. ஊர் நடுவில் ஒரே பாறையாக மலை நிற்கிறது. மேற்குப் பக்கம் பாறையைக் குடைந்து நரசிம்மர் கோயில். அதியர் குலத்தார் காலத்து வேலை, ஆயிரம் வருஷத்துக்கு மேலாச்சு. உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் வராகர். அவர் கொன்றது அண்ணன் தம்பியில் ஒருத்தனான இரணியாட்சனை. இன்னொரு இடத்தில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். வேறொரு இடத்தில் வாமனர் காலைத் தூக்கி உலகளக்கிறார். அங்கே நிலம் குடுத்தவன் மகாபலி. அந்த மகாபலி யாரு? இரணியன் மகன் பிரகலாதன், அவன் மகன் விரோசனன், அவன் மகன் மகாபலி. ஆக, ஒரு குடும்பத்து நாலு தலைமுறைக் கதை ஒரே குகையில் இருக்கிறது!

இப்போ எதிரணியைக் கேட்கிறேன். கெடுதல் என்பது ரத்தத்தில் எழுதியிருந்தால் பிரகலாதன் எப்படி வந்தான்? அதே வீடு, அதே சோறு, அதே வாத்தியார். அப்பன் பேரைச் சொல்லு என்று ஊரே சொல்லிக் குடுத்தும் அந்தப் பிள்ளை மாட்டேன் என்றது. மகாபலியை எடுங்கள். குரு சுக்கிராச்சாரியார் காதோடு சொன்னார், “வந்திருக்கறது குள்ளப் பையன் இல்லை, திருமால். குடுக்காதே” என்று. தெரிந்தே குடுத்தான். ஒரே ரத்தத்தில் ஒருத்தன் பறித்தான், ஒருத்தன் குடுத்தான். எந்த வீட்டில் பிறக்கிறோம் என்பது விதி, ஒத்துக்கறேன். அந்த வீட்டில் என்னவாக ஆகிறோம் என்பது மதி. (கைதட்டல்)

சாபக் கதைக்கே வருவோம். ஜயன், விஜயன் இருவரையும் பார்த்துத் திருமால் கேட்டாராம்: “பக்தர்களாக ஏழு பிறவியா, பகைவர்களாக மூணு பிறவியா?” அவர்கள் மூணைத் தேர்ந்தெடுத்தார்கள். கதாகாலட்சேபத்தில் இதைத் தவறாமல் சொல்வார்கள். பாருங்க அய்யா, சாபத்துக்குள்ளேயும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள் நம்ம பெரியவர்கள்!

அப்புறம் அந்த வரம். மனுசனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. பத்திரம் எழுதுற மாதிரி ஒவ்வொரு ஷரத்தாக அவனே எழுதி வாங்கினான். “நல்லவனா இருக்கணும்” என்று ஒரு வரி சேர்க்க மட்டும் மறந்துட்டான். (சிரிப்பு) கடைசியில் எங்கே உன் சாமி, இந்தத் தூணில் இருக்கானா என்று கேட்டு, ஓங்கி அடித்தானே, அந்தக் கை யார் கை? விதியின் கையா? இரணியன் கை!

வால்மீகி சொல்லாத இந்தக் கதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் தனிப் படலமாகவே வைத்தார். சொல்கிறவன் வீடணன், கேட்கிறவன் இராவணன். சாபக் கதைப்படி இராவணன் யாரு? இரணியனின் அடுத்த பிறவி! அப்படியென்றால் என்ன அர்த்தம்? “அண்ணா, போன தடவை இப்படித்தான் போனே. இந்தத் தடவையாவது திருந்து” என்று சொல்கிற மாதிரி. எல்லாமே விதி என்றால் புத்திமதி எதுக்கு? திருந்த வழி இருக்கிறவனிடம்தானே எச்சரிக்கை சொல்வார்கள்?

நம்ம பிள்ளைகள் படிக்கிற ஹாரி பாட்டர் கதைகளிலும், 1997-லிருந்து 2007 வரை வந்த 7 புத்தகங்களிலும், இதே கணக்குதான். ஒரு குறி சொல்கிறார்கள். அது ரெண்டு குழந்தைகளுக்குப் பொருந்தும். வில்லன் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஒரு குழந்தையைத் தானே தேர்ந்தெடுத்து அடிக்கப் போகிறான். அதனாலேயே குறி பலிக்கிறது. குறி சொன்னவர் குற்றமா, கத்தி எடுத்தவன் குற்றமா?

வள்ளுவர் 38-வது அதிகாரத்தில் ஊழைச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லையே! 62-வது அதிகாரத்தில் ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்தார்.

நடுவர் அய்யா, கதையை விட்டு வீட்டுக்கு வருகிறேன். எங்க அப்பா லாரி டிரைவர். 1986-ல் ஒரு ராத்திரி, ராசிபுரம் பக்கம் லோடோடு வரும்போது, சைக்கிளில் போன ஒருத்தர் மேல வண்டி இடிச்சிருச்சு. ரோட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கிளீனர் சொன்னான், “அண்ணே, அவன் விதி. நிக்காதீங்க, ஓட்டுங்க.” அப்பா நிறுத்தினார். அவரைத் தூக்கி லாரியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆள் பிழைச்சுட்டார், ஒரு கால் போச்சு.

ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லிக் குடுத்தாங்க, “அவன் குறுக்கே வந்துட்டான்னு சொல்லு.” அப்பா சொன்னது ஒரே வரி: “கொஞ்சம் கண்ணசந்துட்டேனுங்க.” கேஸ் நடந்தது. ரொம்ப நாள் வண்டி ஏறலை. அம்மா தறிக்குப் போய்க் கஞ்சி ஊத்தினாங்க. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. கோபத்தில் கேட்டேன், “ஏம்ப்பா, விதின்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கல்ல?”

அப்பா சொன்னார்: “அந்த நேரத்துல அவரு அங்க வந்தது விதியா இருக்கலாம் கண்ணு. தூக்கம் வருதுன்னு தெரிஞ்சும் வண்டியை ஓரங்கட்டாம வந்தது நானு. அதையும் விதி மேல போட்டா, அப்புறம் நான்னு சொல்லிக்க எங்கிட்ட என்ன இருக்கு?” (நீண்ட கைதட்டல்)

இரணியனுக்கும் எங்க அப்பாவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் அய்யா. தப்பு ரெண்டு பேர்கிட்டயும் நடந்தது. ஒருத்தன் தூணை அடிச்சான், ஒருத்தர் பிரேக்கை அடிச்சார். விதி ரோட்டைப் போடட்டும். ஸ்டீயரிங் நம்ம கையில். ஆகவே, கெட்டவன் கெடுவது மதியால்தான் என்று தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டி அமர்கிறேன்.