கண்டறிந்து மின்சாரம் தருக

ரிச்சி தெருவில் வாங்கிய வைஃபை கருவியைக் கணிப்பலகையில் செருகியதும், பலகை அணைந்து மீண்டும் தொடங்குவதேன் என்று மயிலாப்பூர் மாணவர் சிலர் என்னைக் கேட்டனர். கருவியிலுள்ள வெற்று மின்தேக்கி, மின்சாரத்தை வெள்ளமென இழுக்கிறது; மின்னழுத்தம் தாழ்ந்து பலகையின் சில்லு மயங்குகிறது.

பழைய யூ.எஸ்.பி. துளையில் 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். ‘சி’ வகையோ, மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பின்னரே மின்சாரத்தைத் திறக்கும்.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். கருவியின் ஒரு முள்ளைத் தரைக்கம்பியோடு இணையுங்கள். பலகையில் அதற்கெதிரான முனை, ஒரு மின்தடையால் உயர்நிலையில் நிற்கட்டும். கருவி நுழைந்ததும் அம்முனை தாழும். தொடக்கத்தில் முட்கள் தொட்டும் விலகியும் அதிருமாதலால், சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்து, டிரான்சிஸ்டர் வழியே மின்சாரத்தை மெல்லத் திறவுங்கள். வந்தவர் யாரென்று அறிந்து கதவைத் திறப்பது வீட்டுக்கு மட்டுமா நன்மை?